பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் ஆராய்ச்சி வேலை: விளம்பரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு நாலு மாதம் பல்கலைக்கழக இணையதளங்களில் 'வேலைவாய்ப்பு' பக்கத்தையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். உதவிப் பேராசிரியர், கிளார்க், டிரைவர் என்று வரும். ஆராய்ச்சி வேலை மட்டும் வராது. பிறகுதான் உறைத்தது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), டி.பி.டி. (மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) மாதிரி அமைப்புகள் ஒரு பேராசிரியருக்கு ப்ராஜெக்ட் பணம் தருகின்றன, அந்தப் பணத்தில் அவர் ஆள் எடுக்கிறார். விளம்பரமும் துறைப் பக்கத்தில், 'அறிவிப்புகள்' மூலையில், ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். பத்துப் பதினைந்து நாளில் கெடு முடிந்துவிடும்.

படி 1: பதவிப் பெயர்கள்

ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) என்றால் பெரும்பாலும் நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நெட் இல்லையா, ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் பாருங்கள். ரிசர்ச் அசோசியேட் பொதுவாக பிஎச்.டி. முடித்தவர்களுக்கு. 'ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் 3' என்பதைப் பார்த்து லேப் டெக்னீஷியன் வேலை என்று ஒதுக்காதீர்கள், அது முதுநிலைப் பட்டதாரிகளுக்கும் உரியது. நான் ஒதுக்கினேன்.

படி 2: கூகுள்

என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது இதுதான். தேடுபெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒட்டினாற்போல் கோலன் (:), அதை ஒட்டியே 'ஏசி.இன்' (ac.in, பல பல்கலை இணைய முகவரிகள் முடிவது இப்படித்தான்). பிறகு இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் 'ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ', அதுவும் ஆங்கிலத்தில்தான். நான் கோலனுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டேன். கூகுள் அதைக் கட்டளையாக எடுக்கவில்லை. பயிற்சி மையங்களின் பக்கங்களாக வந்து கொட்டியது. ஸ்பேஸை எடுத்ததும் பல்கலை பி.டி.எஃப்.கள் வரிசையாக வந்தன.

அப்புறம் 'டூல்ஸ்' போய் 'கடந்த மாதம்' என்று கட்டாயம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் 2017 விளம்பரத்துக்கு உருகி உருகி கவர் லெட்டர் எழுதுவீர்கள். தேடல் சரியாக வந்ததும் அதையே கூகுள் அலர்ட்டில் (புதிய முடிவு வந்தால் மெயில் அனுப்பும் வசதி) போட்டுவிடுங்கள். டெலிகிராம் குழுக்களை நான் நம்புவதில்லை. அங்கே செய்தி வரும்போது கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கும்.

(பின்சேர்க்கை: தனியார் பல்கலைகள் ஒன்றும் வரவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றின் முகவரி 'எடு.இன்' (edu.in) என்று முடியும். அதற்குத் தனியாக ஒரு தேடல் போடுங்கள்.)

படி 3: புக்மார்க்

ஸ்கேன் செய்து ஏற்றிய அறிவிப்புகள் தேடலில் தவறிப்போகலாம். அதனால் துறைப் பக்கங்களையே சேமித்து வைத்து, திங்கள் காலை டீயோடு ஒரு சுற்று. என் பட்டியலில் சென்னைப் பல்கலையின் தரமணி வளாகம், திருச்சி பாரதிதாசனில் பயோமெடிக்கல் சயின்ஸ் துறை, மதுரை காமராசரில் உயிரியல் புலம். பல்கலை இல்லைதான், ஆனாலும் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பம்

மெயில் தலைப்பில் பதவிப் பெயரும் ப்ராஜெக்ட் எண்ணும். சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பி.டி.எஃப். வாக்-இன் (நேரில் போய்க் கலந்துகொள்ளும் நேர்காணல்) என்றால் அசல் சான்றிதழ்களோடு போங்கள், பயணப்படி கிடைக்காது.

நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். ப்ராஜெக்ட் முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது சார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகு பார்த்தால் ஏழு மாதம்தான் மிச்சம்.