மனநல ஆய்வுக்கு அழைத்தால் ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

பெங்களூரில் மனச்சோர்வுக்கோ தற்கொலை எண்ணத்துக்கோ சிகிச்சை பெறும் ஒருவரிடம், வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும்போதே ஆய்வில் பங்கேற்க முடியுமா என்று கேட்பது உண்டு. மறுத்தால் மருத்துவர் முகம் கோணுவாரோ என்ற தயக்கம் பலருக்கு வரும். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, விவரம் அறிந்து நீங்களாகத் தரும் ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்காக நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. தந்த ஒப்புதலை ஆய்வின் இடையிலும் திரும்பப் பெறலாம், அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

முதலில் எந்த மொழியில் பேசுவது என்பதை முடிவு செய்யுங்கள். கடையிலும் பேருந்திலும் கன்னடத்தில் சமாளித்துவிடுகிற தமிழர்கூட, குடும்ப வன்முறையைப் பற்றியோ சாக நினைத்த இரவைப் பற்றியோ தமிழில்தான் முழுதாகச் சொல்ல முடியும். ஆகவே ஆய்வைப் பற்றி விளக்கும் தகவல் தாளையும் நேர்காணலையும் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால், உடன் வந்த கணவரையோ மகளையோ உட்கார வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களைப் பற்றியே பேச வேண்டி வரலாம். அவர்கள் எதிரில் பாதி பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். படிக்கத் தெரியாதவர் கைரேகை வைப்பதானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி அருகில் இருக்க வேண்டும்.

ரகசியம் காக்கப்படும் என்று சொன்னால், எதுவரை என்று கேளுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் யாரிடம் சொல்வார்கள் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

இத்தகைய நேர்காணல்களில் அழுதவர்களில் பலர், பேசியதற்காக வருந்தவில்லை என்றும், தீர்ப்புச் சொல்லாமல் ஒருவர் கேட்டது ஆறுதலாக இருந்தது என்றும் கூறுவதுண்டு. எல்லாருக்கும் அப்படி அமையாது. கேட்பவர் கனிவாகப் பேசினாலும் அது சிகிச்சை ஆகாது. அடுத்த வாரமும் அவர் வருவார் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசியதன் கனம் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தெரியும் என்பதால், அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், நம்பிக்கையான ஒருவரை அருகில் இருக்கச் சொல்லுங்கள். மனம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பயணச் செலவைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம். தகவல் தாளின் ஒரு பிரதியை வாங்கி, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.