முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வீட்டில் என்ன பழக்கலாம்

பினாங்கில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்ததும் எல்லாரும் கேட்பது வாசிக்க வருதா என்பதைத்தான். ஆனால் ஏழு வயதில் கைவேலையும் அதே அளவு முக்கியம்: சட்டைப் பொத்தான், சப்பாத்துக் கயிறு, தண்ணீர் போத்தல் மூடி. அவசரத்தில் நீங்களே செய்துவிடாதீர்கள், பத்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள். பழகும்போது இரண்டு நிறக் கயிறு மாட்டிக் கொடுத்தால் எது எதற்கு மேலே போகிறது என்று பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரியும்.

அப்புறம் கேன்டீன் காசு. சனிக்கிழமை பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய், 2 ரிங்கிட்டைக் கையில் கொடுத்து, 1 ரிங்கிட் 20 சென்னுக்கு எதையாவது தானே கேட்டு வாங்கச் சொல்லி, மீதி 80 சென் சரியாக இருக்கிறதா என்று எண்ண விடுங்கள். கணக்கோடு பேசும் தைரியமும் சேர்ந்தே வரும், எனக்கு இதுதான் எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும்விட மேல்.

ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், சின்ன b, d எழுத்துகளைத் திருப்பி எழுதினால் திட்டாதீர்கள், இந்த வயதில் சாதாரணம். எட்டு வயதுக்கு மேலும் நீடித்து, வாசிப்பும் திணறினால் ஆசிரியரிடம் பேசுங்கள். தூக்கம் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால் உடனே கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.