பழைய புத்தகத்தில் ‘ப’ மடிப்பது எப்படி?

அட்டையைச் சற்றே விரித்துப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தால், தாள்களின் ஓரத்தில் ஓர் எழுத்து புடைத்துத் தெரியும். படங்களில் பார்த்திருப்பீர்கள். கத்தி வேண்டாம், பசை வேண்டாம், வெறும் மடிப்பு வேலைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரித்தாள்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் இதய வடிவமும்தான். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் ‘அ’வில்தான் ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். இந்த முறையில் ஒரு தாள் ஒரே ஒரு செங்குத்துக் கோட்டைத்தான் காட்டும். மேல்மூலையையும் கீழ்மூலையையும் உள்ளே மடித்துவிட்டால் நடுவில் மிச்சமிருக்கும் ஓரம்தான் அந்தக் கோடு. ‘அ’வின் குறுக்கே எங்கே செங்குத்தாகக் கோடு போட்டாலும் அது எழுத்தை இரண்டு மூன்று இடத்தில் வெட்டும். ‘ப’ அப்படியில்லை. இடது கால், அடிக்கோடு, வலது கால், அவ்வளவுதான். எந்த இடத்திலும் ஒரே துண்டு. ‘ட’வும் ‘ய’வும் இதே வகை. ‘ம’ எளிதாகத் தெரியும், ஆனால் வலப்பக்க வளைவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டு வந்துவிடும்.

அப்புறம் புத்தகம். டெம்மி அளவில் (தாள் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம்), கெட்டி அட்டையோடு, தையல் போட்டுக் கட்டிய 380 பக்கப் புத்தகம் ஒன்றைப் பிடியுங்கள். முதுகில் வெறும் பசை தடவிய பெர்ஃபெக்ட் பைண்டிங் வேண்டவே வேண்டாம். மடிப்புகள் கூடக்கூடப் புத்தகம் உப்பும், பசை விரிசல் விட்டுத் தாள்கள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். காலாவதியான வரிச் சட்டத் தொகுப்பு, பழைய நுழைவுத் தேர்வு கைடு, இப்போது யாரும் பயன்படுத்தாத கம்ப்யூட்டர் புத்தகம், இவையெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துப் பாட்டி பைண்ட் செய்து வைத்த புத்தகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த ஓவியங்களும் விளம்பரங்களும் நூலாகப் பதிப்பிக்கும்போது பெரும்பாலும் விடுபட்டுவிடும். ரொம்பப் பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் அதற்குப் பிரதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு மடியுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. ஏதாவது ஒரு தாளின் மூலையை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை மடித்துப் பாருங்கள். முறிந்து கையோடு வந்தால் அந்தப் புத்தகம் இதற்கு ஆகாது. மட்ட ரகத் தாளில், மர இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். தயாரிப்பில் சேர்த்த படிகாரத்தின் அமிலத்தன்மையும் கூடி, வருஷக்கணக்கில் இழைகளை நொறுக்கிவிடும். அந்த மாதிரிப் புத்தகத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் காகிதக்கூழ்க் கூடை செய்யலாம். அது தனிப் பதிவு.

இனி கணக்கு. 380 பக்கம் என்றால் 190 தாள். முன்னால் 20, பின்னால் 20 தாள்களை மடிக்காமல் விடுங்கள். மீதி 150. இடது காலுக்கு 40, அடிக்கோட்டுக்கு 70, வலது காலுக்கு 40. புத்தகத்தின் ஓரம் நம்மைப் பார்க்க நிறுத்தினால் முதல் பக்கம் இடது கைப்பக்கம்தான் வரும், அதனால் எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டியதில்லை.

குறியிடுவதற்கு ஸ்கேலைப் பயன்படுத்தாதீர்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். 150 தாளிலும் அதைச் சரியாகக் கவனித்து வைக்க யாராலும் முடியாது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு நீளப் பட்டை வெட்டி, மேல் விளிம்பிலிருந்து 6, 12.5, 15 செ.மீ. ஆகிய மூன்று இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பட்டையின் தலையைத் தாளின் தலையோடு சேர்த்து வைக்க வேண்டும், அட்டையோடு அல்ல. கெட்டி அட்டை தாளைவிடச் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால்களுக்கு 6-லும் 15-லும் குறி. அடிக்கோட்டுக்கு 12.5-லும் 15-லும். விரித்த புத்தகத்தின் வலப்பக்கத்தில், தாளின் வெளி ஓரத்தில், பென்சிலால் லேசான புள்ளி போதும். பால்பாயின்ட் பேனா மடிப்பின் முனையில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மடிப்புதான் எல்லாரையும் மாட்டிவிடுகிற இடம். மேல்மூலையை உங்களை நோக்கி இழுத்து, சரியாக முதல் புள்ளியில் மடிப்பு தொடங்கும்படி மடக்குங்கள். எவ்வளவு சாய்வாக? 45 பாகை. பாகைமானியெல்லாம் வேண்டாம். அச்சிட்ட வரிகளே போதும். செங்குத்தாக நின்ற தாள் ஓரம் இப்போது படுத்துவிடும் இல்லையா, அது கீழே உள்ள வரிக்கு இணையாகப் படுத்தால் மடிப்பு சரி. கோணலாகத் தெரிந்தால் நீவுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். கீழ்மூலையும் அப்படியே. பிறகு மடிப்பை எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் நீவுங்கள். மடிப்பை நீவுவதற்கென்றே போன் ஃபோல்டர் (bone folder) என்று தனியாக விற்கிறார்கள், வாங்கத் தேவையில்லை. நகத்தால் மட்டும் நீவாதீர்கள், முப்பதாவது தாளில் விரல் எரியும்.

ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 12.5 செ.மீ. புள்ளியில் 45 பாகையில் மடித்தால் படுக்கும் ஓரமும் 12.5 செ.மீ. நீளம் உள்ளே போகும். டெம்மி தாளின் அகலம் சுமார் 14 செ.மீ. என்பதால் முதுகுக்கு முன்னால் ஒன்றரை செ.மீ. மிச்சம் இருக்கும். இதைவிட ஆழமாக மடித்தால் நுனி தையலில் முட்டி, மடிப்பு நிமிர்ந்துகொண்டு நிற்கும். ஆசைப்பட்டு எழுத்தைப் பெரிதாக்குகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். மேல் விளிம்பிலிருந்து மேல்மடிப்பின் ஆழமான குறிவரை உள்ள தூரம், கீழ் விளிம்பிலிருந்து கீழ்மடிப்பின் ஆழமான குறிவரை உள்ள தூரம், இரண்டுமே தாளின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வேறு எந்த விதியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பத்துப் பத்துத் தாளாக மடித்து, முடிந்தவற்றைப் பெரிய பைண்டர் கிளிப்பால் பிடித்து வையுங்கள். கிளிப்புக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு கொடுத்தால் தடம் விழாது. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், ஆனால் 40 முடிந்து 70 ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

கத்தியால் குடையும் கலை வேறு ரகம். அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மர் புத்தகத்தின் ஓரங்களை அடைத்துவிட்டு, ஒவ்வொரு அடுக்காகக் குடைந்து உள்ளே இருக்கும் படங்களை வெளியே கொண்டுவருவார். எதையும் இடம் மாற்றுவதில்லை, புதிதாக ஒட்டுவதுமில்லை. 2011-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர நூலகங்களில் யாரோ பெயர் சொல்லாமல் விட்டுப்போன காகிதச் சிற்பங்களும் கத்தி வேலைதான். மடிப்பு கைக்குப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

பின்சேர்க்கை: சிலர் 150 பக்கம் என்று படித்துவிட்டு, எழுத்து ஒல்லியாக வருகிறது என்று எழுதியிருந்தார்கள். 150 தாள், அதாவது 300 பக்கம்.

பின்சேர்க்கை 2: டெம்மியைவிடச் சிறிய கிரவுன் அளவுப் புத்தகம்தான் இருக்கிறது என்றால் பட்டையில் 5, 10, 12.5 செ.மீ. என்று போட்டுக்கொள்ளுங்கள். ‘அ’தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: ஒவ்வொரு குறியிலும் ஓரத்தில் ஒரு செ.மீ. ஆழம் கத்தரித்து, எழுத்தில் சேராத துண்டுகளை மட்டும் உள்ளே மடிக்க வேண்டும். அதற்குக் கூரான சின்னக் கத்தரிக்கோலும் தடிமனான தாளும் அவசியம்.