முயலைக் குட்டி ஆடாக எண்ணுவோர் செய்யும் தவறுகள்

வன்னியில் வளவு உள்ள வீடு என்றால் அதில் நாலு கோழியாவது நிற்கும். ஆடு கத்தும் தொனியைக் கொண்டே அதற்குப் பசியா, நோவா, குட்டியைத் தேடுகிறதா என்று சொல்லிவிடக்கூடிய அம்மாமார் ஒட்டுசுட்டானிலும் முழங்காவிலிலும் இன்றும் இருக்கிறார்கள். இத்தனை பழக்கம் உள்ள நாம் முயல் வளர்ப்பில் அடிக்கடி தோற்றுப்போவதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆட்டுக்கும் கோழிக்கும் சரியாக இருந்த வழக்கங்களை அப்படியே முயலுக்கும் பொருத்திவிடுகிறோம். முயலோ நோவு வந்தாலும் கத்தாது, தீனை விட்டு விலகி மூலையில் ஒடுங்கியிருக்கும், மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். "நேற்று நல்லாத்தானே இருந்தது" என்று நாம் சொல்லும் முயல்களுட் பல, அந்த நேற்றைக்கு முன்தினமே நோயுற்றிருந்தவை.

முதல் தவறு கடை வாசலிலேயே நடந்துவிடுகிறது. செல்லப்பிராணிக் கடைகளிலும் திருவிழாக் காலத்துத் தற்காலிகக் கடைகளிலும், சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளுக்குப் பக்கத்துக் கூட்டில், உள்ளங்கைக்குள் அடங்கும் முயற்குட்டிகளை வைத்திருப்பார்கள். அந்த அளவில் இருப்பதாலேயே அவை விலைப்படுகின்றன. அந்த அளவில் இருப்பதாலேயே அவை சாகின்றன. முயற்குட்டி பிறந்து ஏறத்தாழ பத்தாம் நாளில் கண் திறக்கும். மூன்றாம் கிழமையில் தாயோடு சேர்ந்து புல்லைக் கொறிக்கத் தொடங்கும். "தானாகத் தின்னுது, பாருங்கோ" என்று கடைக்காரர் காட்டுவது இந்தக் கொறிப்பைத்தான். தாய்ப்பால் நின்று, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குடலில் நிலைபெறுவதற்குக் குறைந்தது எட்டுக் கிழமையாவது செல்ல வேண்டும். அதற்கு முன் பிரித்த குட்டியை ஓட்டோவிலும் பேருந்திலும் குலுக்கிக் கொண்டுவந்து, புதுத் தீனும் புதுத் தண்ணீரும் வைத்தால், நாலைந்து நாளில் வயிற்றோட்டம் கண்டு அது போய்விடும்.

இரக்கத்தால் வாங்குவது இதனோடு சேர்ந்த தவறு. இதை நானும் செய்திருக்கிறேன். பங்குனி மாத மத்தியானம் ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கோழிக்கூட்டுக்குள் பதினொரு குட்டிகளை அடைத்து வைத்திருந்த கடையொன்றிலே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குட்டியைப் "பாவம், இங்கே கிடந்தால் செத்துப்போகும்" என்று காசு கொடுத்து எடுத்து வந்தேன். அது ஆறாம் நாள் இறந்தது. பத்தாம் நாள் அதே வழியாகப் போனபோது கூட்டில் மறுபடியும் பதினொரு குட்டிகள் இருந்தன. நான் கொடுத்த காசு காலியான இடத்தை நிரப்ப உதவியதே தவிர, ஒரு குட்டியையும் மீட்கவில்லை. அப்படிப்பட்ட கூட்டைக் கண்டால் வாங்காமல் விடுவதும், தண்ணீர் வைக்கும்படியும் நிழலுக்கு மாற்றும்படியும் கடைக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்வதும், கேட்காவிட்டால் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் அந்த விலங்குகளுக்குக் கூடுதலான நன்மை தரும். சட்டத்தின் பலத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது: இலங்கையில் மிருகவதையைத் தடுப்பதற்கென எழுதப்பட்ட கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத்தது, அது விதித்த ஆகக்கூடிய தண்டம் 100 ரூபா. அன்றைக்கு அது பெருந்தொகையாக இருந்திருக்கும்.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் முயலின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் முன்னங்காலைப் பார்க்க வேண்டும். முயல் ஒழுகும் மூக்கை முன்னங்காலின் உட்புறத்தால் துடைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. ஆகவே மூக்கு உலர்ந்து காணப்பட்டாலும், அந்த உட்புற மயிர் ஈரமாகத் திரண்டு, காய்ந்த கஞ்சி ஒட்டியதுபோல் விறைத்திருந்தால், அதற்குச் சளிநோய் இருக்கிறது. காதின் உட்புறத்தில் மரப்பட்டைபோல் பொருக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணி. மேலுதட்டை மெல்லப் பிரித்துப் பார்த்தால் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னே பொருந்தி நிற்க வேண்டும். வாலுக்குக் கீழே கழிச்சல் அப்பியிருக்கக் கூடாது. இந்த நான்கையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

கடையைக் காட்டிலும் அயலில் எடுப்பது நல்லது. முயல் வளர்த்த வீடுகளிற் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய முயல்கள் இருக்கும். தாயையும் கூட்டையும் நேரிலே பார்த்து, எட்டுக் கிழமை நிறையும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம், அதுவரை தின்ற புல்லையே தொடர்ந்தும் கொடுக்கலாம். ஆனால் "இரண்டும் பொட்டை" என்று கொடுப்பவர் சொல்வதை நம்பிவிடக் கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இதைக் கூறவில்லை. மூன்று மாதம் வரை கிடாயின் விதைகள் வெளித்தெரியாததால் பழகியவர்களே ஏமாறுவார்கள். குறியைச் சுற்றி மெல்ல அழுத்தினால் ஆணில் வட்டமான குழாய்போலவும் பெண்ணில் நீளவாட்டில் பிளந்தும் தெரியும். இந்த ஒரு பிழை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதைக் கணக்குப் பார்த்தால் விளங்கும். நான்கு, ஐந்து மாதத்தில் பெண்முயல் சினைப்படத் தயாராகிவிடும்; சினைக்காலம் 30 முதல் 32 நாள்; ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள் சாதாரணம்; குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினைப்படவும் முடியும். தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த சோடி, ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சும்போது ஒரு கூட்டமாகிவிடும். அதன்பின் வருவோர் போவோரிடமெல்லாம் "ஒன்று கொண்டுபோங்கோ" என்று கெஞ்ச வேண்டியதுதான். முயலுக்குத் துணை வேண்டும், தனியே வைத்தால் அது சோர்ந்துபோகும் என்பது மெய். ஆனால் கிடாய்க்கு நலமடித்த (காயடித்த) பிறகே சோடி சேர்க்க வேண்டும், நலமடித்தபின்னும் ஒரு மாதத்துக்கு மேல் பிரித்து வைக்க வேண்டும். இரண்டு கிடாய்களை ஒரே கூட்டில் வைத்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும்.

இனித் தீன். படப்புத்தகம் கற்பித்த கரட் முயலின் உணவன்று. அதில் உள்ள இனிப்பு குடலைக் கெடுக்கும், கிழமைக்கு ஒரு சிறு துண்டுக்கு மேல் கொடுக்கலாகாது. சோறு, பாண், விசுக்கோத்து ஆகியவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டேயிருக்கும், வருடத்துக்குப் பத்துச் சதமமீற்றருக்கும் மேல் வளரும். அவற்றைத் தேய்ப்பதும் குடலை ஓடவைப்பதும் நாருள்ள புல் மட்டுமே. ஆகவே நூற்றுக்கு எண்பது பங்கு புல்லாக இருக்க வேண்டும். நல்வாய்ப்பாக, வெளிநாட்டவர் பொதி கட்டி விற்பதை நம் தெருவோரமே தருகிறது. கினிப்புல்லையும் அறுகையும் பூக்குமுன் அறுத்து, நிழலிற் பரப்பி, கையிற் பிடித்தால் சரசரக்கும்வரை இரண்டு மூன்று நாள் உலர்த்தி, சாக்கில் அடைத்து நிலத்தில் படாமல் பரணில் வைத்தால், மாரியில் புல் நனைந்து கிடக்கும் நாட்களுக்கும் அது கைகொடுக்கும். வைக்கோல் இந்த இடத்தை நிரப்பாது; மாடு அசைபோட்டுச் சமாளிப்பதை முயல் சமாளிக்காது. படுக்கைக்கு அதைப் போடலாம்.

புல் எங்கே அறுத்தது என்பதும் முக்கியம். காலபோக வயலுக்குக் களைநாசினி தெளித்த கிழமையில் வரம்பிலே பச்சையாக நிற்கும் புல்லை அறுத்துக் கொடுத்து, ஒரே இரவில் கூடு முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. புல்லோடு பார்த்தீனியம் கலந்துவிடாமல் பிரித்தெடுக்க வேண்டும். மரவள்ளி இலையில் சயனைட்டைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கிறது. இப்பில் இப்பில் இலையை ஆடு மகிழ்ந்து தின்றாலும், முயல் தொடர்ந்து தின்றால் மயிர் உதிரும். தக்காளிச் செடியும் அரளியும் வேண்டாம். பலரும் அறியாத ஆபத்து கோழித்தீனில் உள்ளது: குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதிற் கலக்கப்படும் மருந்துகளிற் சில முயலுக்கு நஞ்சு. கோழிக்குப் போட்டதில் மிச்சத்தை முயலுக்கு அள்ளிப் போடுவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். முதல் மழைக்குத் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லையும் ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுக்காமல், ஒரு கிழமையாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று: முயல் தன் பின்புறத்திலிருந்து மென்மையான, திராட்சைக் குலைபோன்ற கழிவை வாயால் எடுத்துத் தின்பதைக் கண்டு அருவருத்து அதை அடிக்கிறார்கள். அது முயலின் இரண்டாம் செரிமானம். மாட்டுக்கு அசைபோடல் எப்படியோ முயலுக்கு இது அப்படி.

வெயில்தான் வன்னியில் முயலின் முதல் எதிரி. முயலுக்கு உகந்த வெப்பம் 15 முதல் 21 பாகை. 30 பாகையைத் தாண்டினால் உயிராபத்து. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை இங்கே நண்பகலில் 33, 34 பாகை சாதாரணம். முயலுக்கு வியர்க்காது, நாய்போல் நாக்கை நீட்டி இளைக்கவும் தெரியாது. சூட்டைக் கழிப்பதற்கு அதற்கு இருப்பவை அந்த இரண்டு காதுகளே. தகரக் கொட்டிலுக்குள் கூட்டை வைப்பது கொலைக்குச் சமம். கிடுகோ பனையோலையோ வேய்ந்து, வேம்பின் அல்லது மாமரத்தின் நிழலில், சோளகக் காற்று ஊடறுத்துப் போகும்படி கூட்டை வைக்க வேண்டும். காலையில் இருந்த நிழல் மத்தியானம் நகர்ந்துவிடும் என்பதை மறந்து வேலைக்குப் போய்விடுபவர்கள் அநேகர். ஈரச்சாக்கைக் கூட்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிடலாம். தண்ணீரைப் போத்தலில் உறையவைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்தால் முயல் அதிற் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, காது சிவந்து சுட்டால், குளிர்ந்த தண்ணீரால் காதுகளை நனைத்துக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வாளிக்குள் அமிழ்த்தக் கூடாது. அந்த அதிர்ச்சியிலேயே அது இறந்துவிடும்.

கூட்டின் அடித்தளம் வெறுங் கம்பிவலையாக இருந்தால் முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோன்ற மெத்தை இல்லாததால் குதிக்கால் புண்ணாகும். பாதியளவாவது பலகை போட வேண்டும். கண்ணியகலம் சிறியதாக இருக்க வேண்டும், ஏனெனில் கீரியும் சாரையும் நுழையும் இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது. காட்டோரக் குடியிருப்புகளில் வெங்கிணாந்தி எனும் மலைப்பாம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாரியில் ஈரமும் மூத்திரமும் ஊறிய கூட்டில் கிடக்கும் முயலின் பின்புறத்தில் இலையான் முட்டையிடும், ஒரு நாளைக்குள் புழு தசையைத் துளைக்கும். ஆகவே மழைநாட்களில் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

காதைப் பிடித்துத் தூக்குவது பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மறுகை பின்னங்காலுக்குக் கீழும் இருக்க வேண்டும். பின்பாகம் தொங்கினால் அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். சிறுபிள்ளைகளைத் தரையில் அமர்த்தி, முயலை அவர்களிடம் வரவிடுவதே பாதுகாப்பு.

முயல் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாகாது. புழுக்கை சிறுத்து, மயிரால் கோத்த மணிமாலைபோல் வந்தாலே குடல் மந்தப்படத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். அந்த வேளையில் பாமசியில் வாங்கிய அமொக்சிசிலின் குளிசையைக் கரைத்துப் பருக்குவது, குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொல்லும். நாயின் உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது. நம் பகுதி மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் பார்ப்பவர்கள். முயல் எடுப்பதற்கு முன்பே, முயலும் பார்ப்பீர்களா, கிடாய்க்கு நலமடிப்பீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய இரண்டு தவறுகள். வீட்டு முயல் தன் குட்டிகளுக்கு நாளைக்கு ஓரிரு தடவை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் விலகியே இருக்கும். ஆடுபோல் அணைத்துக் கிடக்கவில்லையே என்று பதறிப் பசுப்பால் பருக்கினால் குட்டி செத்துவிடும். குட்டியின் வயிறு பந்துபோல் திரண்டிருந்தால் தாய் வந்துபோயிருக்கிறது. காட்டுமுயலும் அவ்வாறே. அதன் குட்டி, வீட்டு முயலின் குட்டியைப் போலன்றி, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்லுக்குள் அசையாமல் தனியே கிடக்கும்; காடு வெட்டும்போதோ அறுவடையின்போதோ கண்டெடுத்து "தாயில்லாதது" என்று வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள், மாலையில் அதைத் தேடி வரும் தாயிடமிருந்து பறித்துக்கொண்டு வருகிறார்கள். எடுத்த இடத்துக்கு அருகிலேயே ஒரு பற்றையின் நிழலில் திரும்ப வைத்துவிட வேண்டும்.

மற்றது, பெருகிய வீட்டு முயல்களைக் குளக்கட்டுக்கு அப்பால் கொண்டுபோய் "காட்டுச் சீவன்தானே, பிழைத்துக்கொள்ளும்" என்று அவிழ்த்து விடுவது. நம் காட்டுமுயலும் கூட்டில் வளர்ப்பதும் ஒன்றோடொன்று இனஞ்சேர முடியாத வேறு வேறு விலங்குகள். வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. நம் காட்டுமுயலோ வளை தோண்டாது, மண்ணிறத்தில் மறைந்து, ஓடித் தப்பும். பாலைமரத்தடியில் வெள்ளை வெளேரென்று குந்தியிருக்கும் வீட்டு முயலை நரி கண்டுபிடிக்க இருட்டுப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வளர்க்க முடியாது போனால் யாரிடமிருந்து எடுத்தோமோ அவரிடமே திருப்பிக் கொடுக்கலாமா என்பதை எடுக்கும் நாளிலேயே பேசிக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலிருந்து முயல் கொண்டுபோகும் எல்லோரிடமும் நான் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறேன். இதுவரை இருவர் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.