வைகைப் படுகையில் ஒரு கண்மாயின் வரலாற்றைத் தேடும் முறை

வைகைப் படுகையை மக்கள் எவ்வாறு மாற்றியிருக்கிறார்கள் என்று அறிய விரும்புவோர், ஆற்றை முழுவதுமாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு கண்மாய் (ஏரி), அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், அது நிரம்பி வழியும் நீரைக் கொண்டுசெல்லும் மறுகால் சென்று சேரும் அடுத்த கண்மாய் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் பெரிய மாற்றங்களின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை, அரபிக்கடலுக்குச் சென்ற நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தது. 1959இல் வைகை அணை வந்தது. எனவே மேலூர்ப் பகுதிக் கண்மாய் ஒன்றை ஆராய்பவர், அது மழையை மட்டும் நம்பியிருந்த காலத்தையும் பெரியாற்றுக் கால்வாய் நீர் வந்த காலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வருவாய் ஆவணங்கள். கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் காட்டும் 'அ' பதிவேடு, புலங்களின் அளவு வரைபடங்களைக் கொண்ட புலப்பட நூல் ஆகியவற்றில் நீர்நிலைப் புறம்போக்கின் (நீர்நிலைக்கென உள்ள அரசு நிலத்தின்) பரப்பு ஒவ்வொரு நில அளவைக்கும் எவ்வாறு மாறியது என்று ஒப்பிடுங்கள். புல எண்கள் இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக்கொள்ளாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கீழ்ப்படுகையில் இன்னொரு சிக்கல் உண்டு: இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக இருந்தவை என்பதால், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய செய்திகளுக்குப் பல ஊர்களில் ஜமீன் கணக்குகளையும் வழக்கு ஆவணங்களையும் நாட வேண்டியிருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்கு உரிய இடம்.

1960களில் எடுக்கப்பட்டு 1995 முதல் பொதுப் பார்வைக்கு வந்த அமெரிக்கக் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களும், 1972 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் கரையின் போக்கைக் காட்டும். ஆனால் கண்மாயின் உள்வாயில் (நீர் தேங்கும் பகுதியில்) தெரியும் பச்சை, பயிரா சீமைக்கருவேலா என்பதை நேரில் சென்றே உறுதிசெய்ய வேண்டும்.

களத்தில் மடை, கலிங்கு (மிகைநீர் வழியும் கட்டுமானம்) ஆகியவற்றின் கற்களில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் திறந்துவிட்ட நீர்ப்பாய்ச்சிகளையும் வயலில் வேலை செய்த பெண்களையும் தனித்தனியே கேளுங்கள். நிலவுடைமையாளர் நினைவும் அவர்கள் நினைவும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஊரார் தாங்களே கூடி நீர்நிலையைப் பராமரித்த குடிமராமத்து நின்றதற்கு ஆங்கில ஆட்சி ஒன்றே காரணம் என்று எளிதாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்பதால், கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்த ஆண்டையும் அவசியம் விசாரியுங்கள்.

இறுதியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஆண்டு, முடிவெடுத்தவர், அதனால் நீர் பெற்ற ஊர், நீர் இழந்த ஊர், ஆதாரம் ஆகியவற்றை எழுதி, ஆவணச் சான்று இல்லாத வாய்மொழிச் செய்திகளைத் தனியே குறித்து வையுங்கள்.