பழைய இன்போட் எஞ்சின் ஸ்லோவில் நின்றுவிடுகிறதா? டீசல் பம்பில் கை வைக்காதீர்கள்

முல்லைத்தீவுக் கரையில் பெரும்பாலானோர் கை பழகியது படகின் பின்னால் மாட்டும் அவுட்போட்டில். பழைய மூன்றரைத் தொன் படகொன்றை, உள்ளே பூட்டிய இன்போட் டீசல் எஞ்சினோடு வாங்கியதும் அந்தக் கைப்பழக்கமும் கூடவே ஏறிவிடுகிறது. ஓட்டத்தில் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. வலை இழுக்க வேகத்தை ஸ்லோவுக்கு, அதாவது ஆகக் குறைந்த ஓட்டத்துக்குக் குறைத்தால், எஞ்சின் இரண்டு தரம் திணறிவிட்டு நின்றுவிடும். வாடைக்காலத்தில் நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் இப்படி நின்றால் அடுத்த அலையே படகைக் குறுக்கே திருப்பிவிடும். தாங்கியில் டீசல் எண்ணெய் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இப்படி நிற்கும்போது வழக்கமாகச் செய்யும் பிழைகள்தான் கீழே.

ஸ்லோ ஸ்குரூவை ஏற்றிவிடுவது

சின்ன டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்றில் ஸ்லோவில் ஓட வேண்டியவை. 1,200க்கு ஏற்றினால் நிற்பது குறையும், உண்மைதான். ஆனால் கியர் போடும் ஒவ்வொரு தரமும் ‘டமார்’ என்று விழும் அடி கிளச்சுக்கும் சாஃப்ட் இணைப்பு போல்ட்டுகளுக்கும் போகிறது. பழுதைக் கண்டுபிடித்துத் தீர்த்த பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதன் கைநூல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். அதற்கு முன் அந்த ஸ்குரூவுக்கு வேலையே இல்லை.

டீசல் பம்பைக் கழற்றுவது

டீசல் பம்ப் என்பது எண்ணெயை அழுத்தி, நொசில்கள் வழியாக எஞ்சினுக்குள் பீச்ச வைப்பது. அதிகம் பணம் தின்னும் பிழை அதைக் கழற்றுவதுதான். நடக்கும் விதமும் மாறுவதில்லை. எஞ்சின் நிற்கும். யாரோ ஒருவர் ‘பம்ப் தேய்ந்துவிட்டது’ என்பார். பம்பைக் கழற்றித் தூர ஊருக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். படகு கரையில் கிடக்கும். பல சின்ன எஞ்சின்களில் பம்பின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்தான் எண்ணெய் பீச்சும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. கழற்றும் அவசரத்தில் அதில் ஒன்று தவறும். பம்ப் திரும்பி வந்து பூட்டினால் எஞ்சின் ஸ்ராட் ஆகச் சிரமப்படும், வெள்ளைப் புகையும் தள்ளும். ஸ்லோவில் நின்றுவிடுவதோ அப்படியே இருக்கும். இத்தனைக்கும் காரணம் பில்டரில் நசிந்துபோன ஒரு செப்பு வோசராக இருந்திருக்கும்.

ஸ்லோவில் ஒவ்வொரு அடிக்கும் பம்ப் அனுப்பும் எண்ணெய் மிகக் கொஞ்சம். அதில் ஒரு காற்றுக் குமிழி கலந்தாலும் அந்த அடி வெறும் அடியாகிவிடும். வேகத்தில் பறசக்கரத்தின் (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) சுழற்சி அந்தக் குறையை மூடிவிடும், ஸ்லோவில் மூடாது. பில்டர் அடைத்திருந்தால் கதை வேறு: ஸ்லோவில் நன்றாக ஓடும், சுமையோடு வேகம் கொடுத்தால் சோரும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் சாவியைத் தூக்காதீர்கள்.

தாங்கியிலிருந்து எண்ணெயை இழுத்துக் கொடுப்பது பீட் பம்ப் என்ற சின்னப் பம்ப். தாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடையில் எண்ணெய் இழுபடுகிறது. அங்கே கசிவு இருந்தால், ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ‘எங்கும் ஈரமில்லை, ஆகவே கசிவில்லை’ என்ற முடிவு அதனால்தான் தவறு.

சோதிப்பதற்கு ஒரு 5 லீற்றர் கான் போதும். சுத்தமான டீசலை ஊற்றி, எஞ்சினை விட ஓரடி உயரத்தில் கட்டி, புதிய ரியூபை நேரே பீட் பம்பின் வாய்க்குக் கொடுங்கள். எண்ணெய்க் குழாய்களில் அடைபட்ட காற்றை எடுத்துவிட்டு, படகு தண்ணீரில் இருக்கும்போது 20 நிமிடம் ஸ்லோவில் விடுங்கள். கரையில் வைத்து ஓட்டினால் கடல்நீர்ப் பம்பின் றப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். நிற்காமல் ஓடினால் பழுது தாங்கிப் பக்கம். அப்போதும் நின்றால் பீட் பம்பைத் தவிர்த்து ரியூபை பில்டருக்கே கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு நொசில்கள். டீசல் பம்ப் கடைசி.

தாங்கிப் பக்கம் என்றால் தேட வேண்டியவை: பீட் பம்புக்கு முன்னால் உள்ள பில்டர் கிண்ணத்தின் றப்பர் வளையம், செப்பு வோசர்கள், கிளிப்புக்கு அடியில் வெடித்த றப்பர் ரியூப், தாங்கிக் குழாயின் தண்டு. தாங்கி நிறைந்திருக்கும்போது நல்லாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் நிற்கிறதென்றால், தாங்கிக்குள் இறங்கும் இழுகுழாயில் வெடிப்பு. பழைய செப்பு வோசரைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை நசிந்தால் இறுகிவிடும். புதியது கிடைக்காவிட்டால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் மீண்டும் மெதுமையாகும்.

எஞ்சின் ஒயிலின் மட்டம் ஏறி, அதில் டீசல் மணம் வந்தால், பீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அதோடு ஓட்டக் கூடாது.

காற்று எடுத்ததும் பழுது தீர்ந்ததென்று நினைப்பது

காற்று எடுத்ததும் நல்லாக ஓடி, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றால் கசிவு உறுதி. எடுக்கும் வரிசை: பில்டர், பம்ப், கடைசியாக நொசில் குழாய்கள். பீட் பம்பின் கைநெம்பு வெறுமனே ஆடினால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். நொசில் பீச்சும் இடத்தில் விரலை வைக்க வேண்டாம்; அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எண்ணெய்க் குழாய் இணைப்புகளில் டெப்லோன் நாடா சுற்றுவது

நாடாவின் துணுக்கு பம்புக்குள் போகும். வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலப்பது

பம்புக்கு வழுவழுப்பு குறையும். இதுவும் வேண்டாம்.

தாங்கியின் காற்றுக்குழாயை மறப்பது

உப்போ குளவிக்கூடோ அடைத்திருக்கும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் இதுதான்.

கியர் போட்டால் மட்டும் நிற்கும்போது எண்ணெயில் தேடுவது

கியர் இல்லாமல் ஸ்லோவில் நிலையாக ஓடி, கியர் விழுந்ததும் அணைந்தால் எண்ணெய்ப் பாதையை விட்டுவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை நடுவில் வைத்து, சாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் புரொப்பெல்லரில் நைலோன் வலை சுற்றியிருக்கும், அல்லது தண்ணீர் வருகிறதென்று யாரோ பின் கிளாண்டை (சாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். கயிறு போட்டு அடைக்கும் பழைய கிளாண்ட், ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்ட வேண்டும். அடியோடு நிறுத்தினால் சாஃப்ட் சூடாகித் தேயும்.