பழைய அரபியில் ஒரு சத்தியத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி?

'காலத்தின் மீது சத்தியமாக!' குர்ஆன் தமிழாக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்கள் பலர் தடுக்கி நிற்கும் இடம் இது. எதிரில் இருப்பவர் நம்பாதபோதுதான் நாம் சத்தியம் செய்வோம். பழைய அரபியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒரு சாட்சியைக் கூப்பிட்டு நம் முன்னால் நிறுத்துவது.

முதலில் சத்திய எழுத்தைத் தேடுங்கள். வாவ், பா, தா என்று மூன்று. 'தா' பெரும்பாலும் அல்லாஹ்வின் பெயரோடுதான் வரும்: தல்லாஹி, 'அல்லாஹ்வின் மீது சத்தியமாக'. குழப்பம் வாவில்தான், ஏனென்றால் 'உம்' என்ற பொருளும் அதற்கு உண்டு. பேச்சின் தொடக்கத்தில் வாவ் வந்து, அடுத்த பெயர்ச்சொல் 'வல்அஸ்ரி' (நாம் தொடங்கிய 'காலத்தின் மீது சத்தியமாக') என்பதுபோல் இகரத்தில் முடிந்தால் அது பெரும்பாலும் சத்தியம். ஓதி நிறுத்தும்போது அந்த இகரம் காதில் விழாது. எழுத்தில், கடைசி 'ரா'வுக்குக் கீழே உள்ள சிறு கோட்டைப் பாருங்கள்.

அப்புறம், சத்தியம் செய்து சொல்லவந்தது என்ன? இதை ஜவாபுல் கஸம், அதாவது சத்தியத்தின் பதில் என்பார்கள். இங்கே உடனே கிடைத்துவிடும்: 'இன்னல் இன்ஸான லஃபீ குஸ்ர்', மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான். 'இன்ன' ஒரு அழுத்தம், 'ல' இன்னொன்று, சத்தியத்தோடு மூன்று. 91ஆவது அத்தியாயத்திலோ சூரியன், நிலவு, பகல், இரவு என்று அடுக்கிக்கொண்டே போய் 9ஆவது வசனத்தில்தான் பதில் வரும். அவசரப்படாதீர்கள், அந்தக் காத்திருப்பில்தான் கனம் கூடுகிறது.

சரி, சாட்சிக்கும் சொல்லவந்ததற்கும் என்ன உறவு? எனக்கு மிகவும் பிடித்த இடம் 93ஆவது அத்தியாயம். முற்பகல் மீதும், அமைதியடையும் இரவின் மீதும் சத்தியம். பதில், 'உம் இறைவன் உம்மைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை.' வஹீ, அதாவது நபிகளுக்கு வரும் இறைச்செய்தி, சில நாள் நின்றுபோய், அவரை எதிரிகள் ஏசிய நேரத்தில் இந்த அத்தியாயம் இறங்கியது என்கின்றன ஹதீஸ்கள் (நபிகளைப் பற்றிய அறிவிப்புகள்). இரவைச் சொல்லும் 'ஸஜா' என்ற சொல்லை அலை ஓய்ந்த கடலுக்கும் சொல்வார்கள். வெளிச்சம் மறைந்த நேரம்தான், ஆனால் கைவிடப்பட்ட நேரமல்ல. பகலும் இரவும் தினமும் சொல்லும் சாட்சி அது.

இனி நீங்களே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் தரஃபாவின் அடி. 'லஅம்ருக', அதாவது 'உன் ஆயுள் மீது ஆணை' என்று தொடங்குகிறது. மரணம் ஒருவனை விட்டுவைத்திருப்பது, மேயும் ஒட்டகத்துக்குத் தளர்த்திவிட்ட கயிறு மாதிரி. மறுமுனை கையில்தான் இருக்கிறது என்று போகிறது. வாவ் இல்லை, பதில் 'இன்ன'வில் தொடங்கும். சாட்சிக்கு அழைக்கப்பட்டது ஆயுள். எதைப் பற்றிச் சாட்சி சொல்ல என்று பாருங்கள்.